யூப்பிரட்டீசுக்கு அத்தான் கட்டிய அணை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. மாரியில் சில கிழமைகள் ஓடும். மற்ற மாதங்களில் அதற்குள் மாடு கட்டியிருக்கும். நான் இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகையில் பிரதி திருத்தியவள். கிணற்றடி, குளக்கரை, கடற்கரை, வாய்க்கால் கரை என்று எல்லா இடங்களிலும் செய்தி நடந்திருக்கிறது. "ஆற்றங்கரையில்" என்று எங்கள் நிருபர் ஒருவரும் எழுதி அனுப்பியதாக ஞாபகம் இல்லை.

ஆகவே, யூப்பிரட்டீஸ் நதியை ஓடவைக்க வேண்டும், உதவிக்கு வாருங்கள் என்று ஓர் ஆசிரியை தொலைபேசியில் கேட்டபோது, எந்த ஊரில் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவரை எனக்கு ஒரு பிழையால் தெரியும். நான் பார்த்துவந்த மாணவர் பக்கத்தில் நைல் நதி தெற்கு நோக்கி ஓடுவதாக ஒருமுறை அச்சாகிவிட்டது. மறுநாள் காலை ஒரு முஸ்லிம் பெண் அலுவலகத்துக்கு நேரில் வந்து, "வடக்கு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போனார். புவியியல் ஆசிரியை. தொண்ணூறில், போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அவர் கைக்குழந்தை. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே படிப்பித்து, முப்பது வருடத்துக்குப் பிறகு இடமாற்றம் கேட்டு இங்கே வந்தவர். அவர் பேசியது வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய யாழ்ப்பாணத் தமிழ். தெருவில் கேட்கும் யாழ்ப்பாணத் தமிழைவிடச் சுத்தமாக இருந்தது.

யாழ்ப்பாண ரவுணில், கடலுக்குக் கிட்ட இருந்த அவருடைய பள்ளிக்கூடம் சிறியது. புவியியல் எடுக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே நீளப் பலகையில், ஒரே வாங்கில் இருந்துவிடுவார்கள். ஒரு வாங்குக்கு ஓர் ஆசிரியை தேவையில்லை, அவரைத் திரும்பப் புத்தளத்துக்கு அனுப்பலாம் என்று கல்வி அலுவலகத்தில் பேச்சு இருந்தது. மீலாத் விழாவை ஒட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி. அதைப் பார்க்க அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். பார்த்துவிட்டு அவர்தான் முடிவு எழுதுவார்.

"ஆறு ஓடிக் கடலுக்குப் போனால் நான் இருப்பன் அக்கா," என்றார். "ஓடாட்டிப் புத்தளம்."

எனக்குத் தரப்பட்ட வேலை விளக்க அட்டைகள் எழுதுவது. பத்திரிகைக்காரருக்குச் சுருக்கத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. கிழக்குத் துருக்கியின் மலைகளில் கராசு, முராத் என்று இரண்டு கிளைகளாகப் பனி உருகி இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து யூப்பிரட்டீஸ் ஆகின்றன. மலை இடுக்குகளையும் பெரிய அணைகளையும் தாண்டிச் சிரியாவின் வறண்ட சமவெளிக்கு வருகிறது. பிறகு ஈராக். பாபிலோன் இருந்த கரை. அதன்பின் சரிவே இல்லாத நிலம், சதுப்பு. குர்னா என்ற இடத்தில் தைகிரிசோடு கூடி, பாரசீக வளைகுடாவில் விழுகிறது. நீளம் ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீற்றர். ஆசிரியை தந்தது பதினைந்து பக்கம். நான் அதை ஏழு அட்டைகளில் அடக்கினேன். பாபிலோனுக்கு ஒன்றரை வரிதான் கிடைத்தது.

அந்தப் பகுதிப் பள்ளிவாசலின் இளம் மௌலவி வந்து அட்டைகளை வாசித்தார். நபிகள் விண்ணேற்றம் சென்ற இரவில், வானத்தின் எல்லையிலுள்ள இலந்தை மரத்தின் அடியில் நான்கு ஆறுகளைக் கண்டதாக ஹதீஸ் இருக்கிறது என்றார். இரண்டு மறைவானவை. வெளிப்படையான இரண்டும் நைலும் யூப்பிரட்டீசும். அரபியில் அதன் பெயர் புராத். அது சொர்க்கத்து ஆறுகளில் ஒன்று.

எனக்குப் பழைய தொழில் புத்தி. "அப்ப ஊற்று இருக்கிற இடத்திலை எந்த அட்டையை வைக்கிறது? துருக்கியோ, சொர்க்கமோ?"

"இரண்டையும் வையுங்கோ அக்கா," என்றார் மௌலவி. "பெரிய ஆறுதானே, இடம் காணும்."

இன்னொன்றும் சொன்னார். வேத வசனத்தில் இரண்டு கடல்கள் வருகின்றன. ஒன்று உப்பும் கசப்பும். மற்றது இனிமையானது, தாகம் தீர்ப்பது. அந்த இனிமைக்கு அங்கே வருகிற சொல்லும் புராத்துத்தான். நான் அதை எட்டாவது அட்டையில் எழுதினேன்: "புராத்: நல்ல தண்ணீர்." அந்த அட்டையால் என்ன வரப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

ஆற்றை வெட்ட ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்து தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறவர் என் அத்தான்தான். அக்காவின் கணவர். சண்டிலிப்பாயில் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். கேட்டதும் சம்மதித்தார்.

சனிக்கிழமை காலை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டி நிறையச் செம்பாட்டு மண்ணோடு வந்து இறங்கினார். பள்ளிக்கூட நிலம் மணல். "உதுக்குள்ளை விட்டால் விட்ட தண்ணி முழுக்கக் குடிச்சுப்போட்டு இன்னும் கேக்கும்," என்றார். பொலித்தீன் விரிக்கலாம் என்று மௌலவி சொன்னார். ஆனால் வாசலில் "பொலித்தீன் அற்ற பாடசாலை" என்று பலகை இருந்தது. ஆகவே யூப்பிரட்டீசின் படுகை சண்டிலிப்பாய் மண்ணால் ஆனது.

ஆசிரியையும் நானும் அட்டைகளுக்குத் தடி வாங்கப் போனோம். திரும்பி வந்தபோது மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, முழங்கால் உயரத்தில், மட்டம் பிடித்ததுபோல நேராக, ஒரு மண்மேடு நின்றது. அதன் முதுகில் வாய்க்கால்.

"இதென்ன அண்ணை?" என்றார் ஆசிரியை.

"ஆறு."

"ஆறு பள்ளத்திலை அல்லோ ஓடும்."

"பள்ளத்திலை ஓடினால் பேந்து பாத்திக்கு எப்பிடித் தண்ணி இறங்கும்?"

"பாத்தி இல்லை அண்ணை. இது சிரியா."

"சிரியாவுக்குத் தண்ணி வேண்டாமே?"

வலிகாமத்துத் தோட்டத்தில் தண்ணீர் கிணற்றிலிருந்து மேலே வந்து, உயர்த்திக் கட்டிய வாய்க்காலில் போய், ஒவ்வொரு பாத்தியாகக் கீழே இறங்கும். பள்ளத்தில் தானாக ஓடுகிற தண்ணீர் என்பது வெள்ளம். அதை அத்தான் அறுபது வயதில் விரும்பி வெட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

ஆசிரியை வரைபடத்தை விரித்துக் காட்டினார். அத்தான் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"ஏன் உப்பிடி நெளியுது?"

"மலையள் இருக்கு. சுத்தித்தான் வரும்."

"சுத்தினால் தண்ணி மினைக்கெடும்."

"மினைக்கெடட்டும் அண்ணை."

"மோட்டருக்குக் கரண்ட் ஆர் குடுக்கிறது?"

இடித்துத் திரும்பக் கட்ட நேரம் இல்லை. ஆற்றைத் தாழ்த்த முடியாவிட்டால் நாடுகளை உயர்த்தலாம் என்று முடிவானது. பின்னேரம் முழுவதும் சிரியாவை உயர்த்தினோம். ஈராக்குக்குச் செம்பாடு போதவில்லை. மைதானத்து மணலையே அள்ளிப் போட்டோம். அத்தான் ஒரு சமாதானத்துக்காக இரண்டு வளைவு வைத்தார். இரண்டும் செங்கோணமாக இருந்தன.

கடைசியில் கடல். மண்மேடு முடியும் இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை விளிம்புவரை புதைத்து, உள்ளே நீலச் சாயம் பூசியிருந்தார்கள்.

"உதுக்குள்ளை என்ன?" என்று அத்தான் கேட்டார்.

"அது வளைகுடா. ஆறு வந்து அதுக்குள்ளை விழும்."

அத்தான் மண்வெட்டியை நிலத்தில் வைத்தார். "கடலுக்கோ?"

"ஓம் அண்ணை."

"நல்ல தண்ணியை?"

"உலகத்திலை எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகுது."

"எங்கடை வழுக்கையாறும்தான் போகப் பாத்தது. அராலியிலை மறிச்சுக் கட்டியாச்சு." எட்டாவது அட்டையைத் தடியோடு பிடுங்கி ஆசிரியையின் முன்னால் பிடித்தார். "நல்ல தண்ணீர் எண்டு நீங்களே எழுதி வைச்சிருக்கிறியள். எழுதிப்போட்டு உப்புக்குள்ளை விடுறியளோ? விசர்க்கதை கதையாதையுங்கோ ரீச்சர்."

அத்தானுக்கு இது பாடமாகப் படவில்லை, ஒழுக்கக்கேடாகப் பட்டது. மழை ஒன்றைத் தவிர வேறு வரவு இல்லாத ஊர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். கடலுக்குப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் அங்கே தோட்டக்காரன் இல்லை. நாங்கள் அட்டை நட்டு முடிக்கிறதற்குள் குர்னாவுக்குக் கீழே குறுக்காக ஒரு வரம்பு போட்டுவிட்டார். வடிவான வரம்பு. மண்வெட்டியின் முதுகால் தட்டி மெழுகியிருந்தார்.

"அதிகாரி வரேக்கை திறக்கவேணும்," என்றார் ஆசிரியை.

"திறக்கலாம்," என்றார் அத்தான். "நான் திறக்கமாட்டன்."

இதற்கிடையில் தங்கமலை வந்து சேர்ந்தது. கண்காட்சிக்குப் பெயின்ற் அன்பளிப்புச் செய்த இரும்புக்கடை முதலாளி, ஒரு தலையளவு கல்லுக்குத் தங்க நிறம் அடித்துக் கொண்டுவந்தார். யூப்பிரட்டீஸ் ஒருகாலம் வற்றித் தங்கமலை ஒன்றை வெளிக்காட்டும் என்று ஹதீஸ் இருக்கிறது, அதையும் வைக்காவிட்டால் ஆறு முழுமையாகாது என்பது அவர் கருத்து. எந்த இடத்தில் என்று சொல்லப்படவில்லை. முதலாளி நிழல் விழுகிற இடமாகப் பார்த்து ஆற்றுக்குள் வைத்தார். தண்ணீர் நிறைந்தால் கல் மூடிவிடும்.

திங்கட்கிழமை, அதிகாரி வருவதற்கு முன், மோட்டரைப் போட்டுப் பார்த்தோம். குழாயிலிருந்து துருக்கிக்குத் தண்ணீர் வந்தது. வரம்பு மூடியிருக்கும்போது ஆறு நிறைந்து அழகாக நின்றது. கல் தெரியவில்லை. ஆசிரியை வரம்பைத் திறந்தார். தண்ணீர் வளைகுடாவுக்குள் பாய்ந்தது. உடனே ஆற்றின் மட்டம் இறங்கி, ஈராக்கின் நடுவில் தங்கமலை தலையை நீட்டியது.

அந்த நேரம் மௌலவி மோட்டார் சைக்கிளில் வந்து, ஹெல்மெட்டோடு நின்று பார்த்தார்.

"யா அல்லாஹ், காலமையே வெளியிலை வந்திட்டுதே," என்றார்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு விளக்கினார். அது கடைசிக் காலத்தின் அடையாளங்களில் ஒன்று. அந்தத் தங்கத்துக்காக ஆட்கள் அடிபட்டுச் சாவார்கள். அங்கே நிற்கிறவர்கள் அதிலிருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது. "அதின்ரை நேரம் ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் மோட்டர் பூட்டி நேரம் குறிச்சு வைச்சிருக்கிறியள். உந்தக் கல்லை எடுத்துவிடுங்கோ."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடுக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னியள் மௌலவி."

"இது பெயின்ற், காக்கா. உங்கடை கடைப் பெயின்ற்."

"பெயின்ற்தான். எண்டாலும் எனக்கு மனம் வரேல்லை."

"நான் எடுக்கிறன், எனக்கென்ன," என்று அத்தான் குனிந்தார். அங்கே நிற்கிற எவருமே எடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, இன்ன சமயத்தவர் என்று இல்லை, என்று முதலாளி நினைவூட்டினார். அத்தான் நிமிர்ந்தார். "சரி, எனக்கேன் சோலி." மௌலவி தாமே எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தண்ணீரால் மூடினால் போதும் என்றார்.

நிலைமை இப்படி இருந்தது. கல்லை எடுக்க ஆள் இல்லை. கல் மூடியிருக்க வேண்டுமானால் கடலை அடைத்து வைக்க வேண்டும். கடலை அடைத்தால் ஆறு கடலுக்குப் போகாது. போகாவிட்டால் ஆசிரியை புத்தளத்துக்குப் போக வேண்டும்.

ஆசிரியை திட்டம் சொன்னார். அதிகாரி கடலோரம் வந்து நிற்கும்போது அவரே வரம்பைத் திறப்பார். கல்லின் தலை தெரியப்போகிற நேரம் நான் சைகை காட்டுவேன். உடனே மூடிவிடுவார். நான் அன்றைய பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஈராக்கில் போய் நின்றேன். தொழில் வாழ்க்கையில் ஒரு செய்திக்கு இவ்வளவு கிட்ட நான் நின்றதில்லை.

அதிகாரி வந்தார். வெள்ளைச் சேர்ட், மினுக்கிய சப்பாத்து. துருக்கியிலிருந்து தொடங்கி அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு இறங்கினார். செங்கோண வளைவில் நின்று யோசித்தார். கடலடிக்கு வந்து சேர்ந்ததும் ஆசிரியை அபாயாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த மண்வெட்டியால் வரம்பை வெட்டினார். பாடமாக்கிய வார்த்தை ஒன்றும் பிசகவில்லை.

"இவ்வளவு தூரம் மலையாலும் வனாந்தரத்தாலும் வந்த ஆறு, சேர், இந்த இடத்திலைதான் கடலோடை..."

தண்ணீர் பாய்ந்தது. நான் கல்லைப் பார்த்தேன், பிறகு அதிகாரியைப் பார்த்தேன். அவர் ஆசிரியையைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி நிறைந்து, நீலச் சாயம் கரைந்து, மைதானத்து மணலில் வழிந்தது. அதிகாரியின் கை தானாக ஒருமுறை அசைந்தது. இங்கே தங்கமலையின் தலை வெளியே வந்தது. நான் பத்திரிகையைத் தூக்கினேன். ஆசிரியை என்னைக் காணவில்லை. அவர் இன்னும் வளைகுடாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உதை இஞ்சை தாருங்கோ," என்றார் அதிகாரி.

மண்வெட்டியை வாங்கி, சப்பாத்தோடு ஒரு காலை ஈராக்கில் ஊன்றி, வெட்டிய மண்ணை இழுத்துப் போட்டு அடைத்து, முதுகால் தட்டி மெழுகினார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"கண்ணுக்கு முன்னாலை எவ்வளவு தண்ணி வீணாப் போகுது," என்றார்.

"அதைத்தான் சேர் நான் சனிக்கிழமையிலை இருந்து சொல்லுறன்," என்றார் அத்தான்.

அதிகாரி திரும்பி அவரைப் பார்த்தார். "எவடம் நீங்கள்?"

"சண்டிலிப்பாய்."

"நாங்கள் மானிப்பாய். அப்பு தோட்டம். பள்ளிக்கூடம் போறதுக்கு முதல் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறிப்போட்டுத்தான் போவன். இந்த வாய்க்கால் ஆர் கட்டினது?"

"நான்தான்."

"பாத்தவுடனை தெரியுது."

இருவரும் குர்னாவில் நின்று கதைத்தார்கள். எந்தப் பக்கத்துக் கிணறுகளில் உவர் ஏறுகிறது, எந்த மோட்டர் நல்லது, சொட்டு நீர்க் குழாய்க்கு எலி என்ன செய்யும். ஆற்றில் திரும்பவும் தண்ணீர் நிறைந்து தங்கமலை மூடிக்கொண்டது. மௌலவி மூச்சை விட்டார். ஆசிரியை வெறுங்கையோடு வளைகுடாவின் கரையில் நின்றார். அவருக்குச் சொல்ல இன்னும் இரண்டு பந்தி இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

சில கிழமைகளின் பின் தொலைபேசி எடுத்தார்.

"முடிவு வந்திட்டுது அக்கா. நான் போகத் தேவையில்லை."

"அப்ப சந்தோசம்தானே?"

"ஓம்... புவியியலுக்கு ஆள் தேவையில்லையாம். தண்ணியை வீணாக்காத நீர் முகாமைத்துவம் நல்லாச் செய்து காட்டினனாம். விவசாயப் பாடத்துக்குப் போட்டிருக்கினம்." பிறகு சொன்னார்: "நான் சீவியத்திலை ஒரு வெங்காயம் நட்டது இல்லை."

அவர் வளர்ந்தது புத்தளத்தில், மாறி மாறி வாடகை வீடுகளில். நட்டால் அறுவடைக்கு முன் வீடு மாற வேண்டிவரும் என்று உம்மா ஒன்றும் நடவிடவில்லையாம். இப்போது நட வேண்டியிருந்தது. வாய்க்கால் கட்டியபடி இருந்ததால் வேறு இடம் தேடவில்லை. சிரியாவில் கத்தரி. ஈராக்கில் மணல் என்பதால் மரவள்ளி. அத்தான் வைத்த மடைகள் எல்லாம் பயன்பட்டன. அட்டைகளையும் அவர் பிடுங்கவில்லை. பாபிலோனின் ஒன்றரை வரி, ஒரு கத்தரிச் செடியில் சாய்ந்துகொண்டு நின்றது. இடைவேளையில் அந்த ஒரு வாங்குப் பிள்ளைகளை ஆற்றோரம் இருத்திப் புவியியல் சொல்லிக்கொடுத்தார். அதற்கு நேரசூசியில் இடம் இல்லை. கல் அங்கேயே கிடந்தது. பிள்ளைகள் அதைத் தொடாமல் சுற்றிவரக் களை பிடுங்கினார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. நான் சண்டிலிப்பாயில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் வாசலில் குந்தி, ஊறப்போகிற வெங்காய நாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. தகரக் கூரையில் விழுகிற மழைக்கு மேலால் ஆசிரியை கத்தினார்.

"அக்கா! ஓடுது!"

"எது?"

"ஆறு! வரம்பை உடைச்சுக்கொண்டு போட்டுது. தொட்டி நிரம்பி, கேற்றுக்கு வெளியிலை போய், ரோட்டோர வடிகானாலை கடலுக்குப் போகுது. நான் குடையோடை பின்னாலை போய்ப் பாத்தனான். மெய்யாக் கடலுக்குள்ளை போகுது அக்கா!"

"தங்கமலை?"

"தெரியேல்லை. எல்லாம் தண்ணிக்குள்ளை." அவர் சிரித்தார். மழையில் வேறு சத்தமும் கேட்டது. பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

நான் வந்து அத்தானிடம் விபரம் சொன்னேன். குறுக்கே கேள்வி கேட்காமல் கடைசிவரை கேட்டார்.

"ஆர் திறந்து விட்டது?"

"ஒருத்தரும் இல்லை அத்தான். மழை. தானாப் போகுது."

அவர் எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினார். சுவரோடு சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தார். தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மச்சாள், இந்த மழைக்கை ரவுணுக்கு பஸ் ஓடுமோ?"